மலைக்கு ஒரு சாம்பிள்

இலை மறைந்துவிட்டது.

கேன்வாஸின் ஓரத்தில் பூசிக் காயவிட்டிருந்த பச்சைத் திட்டின் மேல் அதை வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார் மாஸ்டர். காம்பும் நடு நரம்பும் மட்டும் இல்லாவிட்டால் அங்கே இலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார், அணைத்துவிட்டுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இலை பச்சைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஆயுசு முழுக்கச் சாயப் பட்டறையில் நின்ற கண் அல்லவா, சும்மாவா? பட்டறையில் கலர் பார்க்க வைத்திருக்கும் அந்த மெஷினே வந்து பார்க்கட்டும், இதில் ஒரு குற்றம் சொல்லட்டும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்தத் தெம்பில் காலை முழுக்க உட்கார்ந்து மலையைப் பூசினார். கூரைகளும் ஏரியும் ஏரிக்கரை மரங்களும் ஏற்கெனவே முடிந்திருந்தன. மலை இருக்க வேண்டிய இடம் மட்டும் இத்தனை நாளாக வெள்ளையாகக் கிடந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை, ஓர் இடத்தில் கூடாமல் ஓர் இடத்தில் குறையாமல், ஒரே சீராகப் பூசி முடித்தார். துணியில் இப்படி ஒரு பூச்சு வந்தால் வாங்குகிறவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவான். தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, முதுகு அலமாரியில் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய மலை இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. ஏரி, மரம், கூரை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அவர் மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மலை போவதாக இல்லை. வரிசையில் நிற்கிறவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும் சில ஆட்களைப் போல, அதற்கு வெட்கமும் இல்லை.

டீயோடு உள்ளே வந்த அவர் மனைவி, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்குங்க. இது என்ன, பக்கத்து வீட்டுச் செடியா?"

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "செடியா? அது மலை!"

"மலையா?" என்றவள் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அந்த ஓவுக்கு அவள் செடி என்று சொன்னதே தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாஸ்டர் என்பது அவர் பெயரில்லை. சாயப் பட்டறையில் கலர் பார்த்துச் சொல்கிறவருக்கு டையிங் மாஸ்டர் என்று பெயர். அதில் முன்பாதி தேய்ந்து போய், பின்பாதி மட்டும் தெருவிலும் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. வேலை சொல்லக் கேட்டால் சின்ன வேலைதான். துணி வாங்குகிறவர்கள் கைக்குட்டையில் கால்வாசி அளவுக்கு ஒரு துண்டு அனுப்புவார்கள். அதுதான் சாம்பிள். இந்தக் கலரில் இத்தனை மூட்டை வேண்டும் என்பார்கள். பையன்கள் சாயம் கலந்து ஒரு துண்டை நனைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். மாஸ்டர் சாம்பிளையும் அதையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டிவைத்துப் பார்ப்பார். "இல்ல" என்பார். பையன் திரும்பிப் போவான். மறுபடி வருவான். "இல்ல." எத்தனை நடந்தாலும் மாஸ்டருக்குச் சலிக்காது, பையனுக்குத்தான் சலிக்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இல்ல மாஸ்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் பெருமைதான். அவர் "இல்ல" சொல்லாமல் விட்ட துணி எதுவும் வாங்கினவனிடமிருந்து திரும்பி வந்ததில்லை.

கடைசிக் காலத்தில் பட்டறைக்கு ஒரு மெஷின் வந்தது. துணியை அதன் வாயில் வைத்தால் கலரை எண்களாகச் சொல்லிவிடும். முதலாளியின் மகன் அவர் தோளில் கைபோட்டு, "இனிமே உங்க கண்ணுக்கு ரெஸ்ட் மாஸ்டர்" என்றான். நல்ல பையன், நல்லதாகத்தான் சொன்னான். ஆனால் ரெஸ்ட் என்ற அந்தச் சொல் மாஸ்டருக்கு ஆறவே இல்லை. பிரிவு உபசாரத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோது, "இனி படம் வரையப் போகிறேன், இயற்கைக் காட்சி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். கைதட்டினார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் நன்றாகவா இருக்கும்? அதோடு நிற்காமல், புதுவீட்டுக்குக் குடிபோன மகளிடமும் வாயைக் கொடுத்தார். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு படம் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், "காசு கொடுத்து வாங்குவியா? அப்பா எதுக்கு இருக்கேன்? நம்ம வீட்டு ஜன்னல்ல தெரியுற மலையை அப்படியே வரைஞ்சு தரேன். நீ ஆணியை மட்டும் அடிச்சு வை" என்றார். மகள் ஆணியை அடித்து வைத்தாள்.

ஆணி காத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடினாலும் அந்த ஆணி தெரிந்தது.

முதலில் ஓவிய வகுப்பில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். முதல் இரண்டு வாரம் கூரை, மரம் என்று போனவரை சண்டை வரவில்லை. மலைக்கு வந்தபோதுதான் வந்தது.

"சார், தூரத்துல இருக்கிறதெல்லாம் கொஞ்சம் வெளுத்து, நீலமாத் தெரியும். அப்படிப் போடுங்க."

"எந்த நீலம்? சாம்பிள் இருக்கா?"

"சாம்பிளா? அது தூரத்துல இருக்கு சார். கையிலயா பிடிச்சுப் பார்க்க முடியும்?"

"ஏன் முடியாது? மலைன்னா மரம்தானே, மரம்னா இலைதானே? இலை பச்சை. தூரத்துல போய் நின்னுட்டா மட்டும் நீலமாயிடுமா?"

"அப்படித் தெரியும் சார்."

"தெரியுறது வேற, இருக்கிறது வேற, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தூரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். கண்ணை ஏமாற்றுகிற வேலைக்கு அவர் கண் எதற்கு? இருப்பதை இருக்கிற கலரில் போட்டால் இருக்கிற மாதிரி இருக்கப்போகிறது. இதில் என்ன வித்தை வேண்டிக்கிடக்கிறது? வரும் வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் போன வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, மலைக்கே போய்ச் சேர்ந்தார். அவளுக்கு முட்டி வலி. இருந்தாலும் கூப்பிட்ட உடனே வந்தாள். இருவருமாக எங்காவது போய் எவ்வளவு காலமாயிற்று! பஸ்ஸிலேயே அவள் ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். அடிவாரத்திலிருந்து பாதை ஏறும் இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு, மாஸ்டர் மரம் மரமாகப் போய் இலை பறித்தார். கொழுந்து, முற்றல், நிழலில் இருந்தது, வெயிலில் இருந்தது என்று பார்த்துப் பார்த்துப் பறித்து, ஈரத்துணி வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினார். மூச்சு வாங்க அவர் திரும்பி வந்தபோது அவள் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இதான் மலையா? கொஞ்சம் விட்டுவெச்சிருக்கீங்களா, எல்லாத்தையும் பறிச்சுட்டீங்களா?"

"இப்ப சிரி. படம் முடிஞ்சதும் பாரு."

அவள் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்தாள். ஏரிக்கு அப்பால் ஊர் கிடந்தது. "நம்ம வீடு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். பட்டறையின் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்து அவர் விரலால் காட்டினார். வீட்டு வெளிச்சுவரின் கலர் அவரே நின்று கலந்து கொடுத்தது. பெயிண்டரோடு சண்டை போட்டு, அடித்ததைச் சுரண்டவைத்து, மறுபடி அடிக்கவைத்தது. இங்கிருந்து பார்த்தால் சுவர் ஒரு சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இருந்தது. பக்கத்து வீடும் அதே பொட்டுத்தான். எதிர்வீடும் அதே. "அந்தப் பெயிண்டரைப் படாத பாடு படுத்துனீங்களே" என்று அவள் சிரித்தாள்.

"காத்துல தூசி" என்றார் மாஸ்டர். "இன்னிக்கு வெயிலும் சரியில்ல."

இப்போது அந்த மலை அவருடைய அறையில், அவருடைய கேன்வாஸில், செடியாக நின்றது. தூசியும் இல்லை, வெயிலும் நன்றாக இருந்தது. யாரைக் குற்றம் சொல்வது? பக்கத்தில் நின்றவள்தான் கிடைத்தாள்.

"செடின்னு சொல்லத் தெரியுதில்ல? அப்ப என்ன கலர்னு நீயே சொல்லேன். சொல்லு, பார்ப்போம். அதோ இருக்கு மலை, கண்ணு இருக்கு உனக்கு. என்ன கலர் அது?"

மனைவி ஜன்னலைப் பார்க்கவில்லை. டம்ளரில் ஈ விழாமல் ஒரு காகிதத்தை எடுத்து மூடினாள்.

"எனக்குக் கலரெல்லாம் தெரியாதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதுபோலச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாஸ்டர் அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு குறை என்றார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார். பேப்பர்காரன் பேப்பரைச் சுருட்டிப் போடுகிறான், ஒழுங்காக மடித்துப் போட வருவதில்லை என்றார். கேன்வாஸில் மலையின் மேல் வெள்ளையைப் பூசி அழித்தார். மறுநாள் இன்னொரு இலையை எடுத்து, இன்னொரு பச்சை கலந்தார். அதுவும் இலையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அதுவும் செடியாகவே வந்து நின்றது. முற்றல் இலை, கொழுந்து இலை, நிழல் இலை என்று டப்பாவில் இருந்ததெல்லாம் வாடி முடிகிறவரை பார்த்துவிட்டார். அழித்து அழித்துப் பூசியதில் அந்த இடம் மட்டும் தடித்துப் போய்த் தடவினால் கையில் தட்டியது. கண் பொய் சொல்லவில்லை, இலை பொய் சொல்லவில்லை, கலரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருந்து படம் மட்டும் தப்பாக இருந்தால் ஒரு மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? பட்டறையாக இருந்தால் ஒரு பையனையாவது திட்டலாம்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, படம் பத்திக் கேக்கல. நீங்க அவசரப்படாதீங்க. நிதானமா வரைங்க. அந்த ஆணியில இப்போதைக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கேன்."

"கடிகாரமா?"

"இப்போதைக்குப்பா. மாப்பிள்ளை ஆபீஸ்ல கொடுத்தது. சும்மா கிடந்துச்சு."

இப்போதைக்கு. மாஸ்டருக்கு அந்தச் சொல்லின் ஜாதகமே தெரியும். மெஷினையும் இப்போதைக்குத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். கடிகாரம் ஓடும், மணி காட்டும், ஒரு மாதத்தில் எல்லார் கண்ணும் அதற்குப் பழகிவிடும். அப்புறம் இவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், எங்கே மாட்டுவது என்று சுவர் சுவராகத் தேடுவார்கள். கடைசியில் உள்ளறையில், கதவு திறந்தால் மறையும் இடத்தில் மாட்டுவார்கள். பொறுக்க முடியவில்லை அவருக்கு. மகளைத் திட்ட மனம் வராமல், வழக்கம்போல் பேச்சை மனைவி பக்கம் திருப்பினார்.

"எல்லாம் உங்கம்மாவால வந்தது. குறை சொல்ல மட்டும் தெரியுது. என்ன கலர்னு கேட்டா, எனக்குக் கலரே தெரியாதுங்கிறா."

மறுமுனையில் மகள் சிரித்தாள். "அம்மா எப்பப்பா கலர் சொல்லியிருக்காங்க?"

"என்னடி சொல்ற?"

"உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுல கிரேயான் டப்பாவைத் தூக்கிட்டுப் போய் இது என்ன கலர், இது என்ன கலர்னு கேப்பேன். அப்பா வரட்டும்னு சொல்லுவாங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். ஒண்ணாங்கிளாஸ்ல கலர் பேர் தெரியாம முழிச்சது நான் ஒருத்திதான், டையிங் மாஸ்டர் பொண்ணு! டீச்சர் எவ்வளவு சிரிச்சாங்க தெரியுமா?"

சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் போனை வைத்த பிறகும் மாஸ்டர் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அப்படியெல்லாம் இருக்காது என்று நினைத்தார். இருந்தாலும் காது அன்று முதல் அவர் பேச்சைக் கேட்கவில்லை, மனைவியின் பேச்சையே கேட்டது.

"மாடியில காயுற துண்டை எடுத்துட்டு வாங்க. ஓரம் கிழிஞ்சது." மாடியில் இரண்டு துண்டுகள் காய்ந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். கண் உள்ள யாரும் சிவப்புத் துண்டு என்றுதான் சொல்வார்கள். "பெல் அடிச்சா கேக்காத வீடு இருக்கே, அங்க கொடுத்துடுங்க." அந்தத் தெருவிலேயே ஊதாக் கதவு அந்த வீட்டுக்கு மட்டும்தான். "கைப்பிடி உடைஞ்ச வாளி." "பித்தான் பெருசா இருக்குமே, அந்தச் சட்டை." தக்காளி வாங்கச் சொன்னபோது, "நல்லா பழுத்ததா" என்றாள். ஒரு நாள் முழுக்க, இரண்டு நாள் முழுக்கக் கேட்டார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவள் கிழிசலாலும் ஓட்டையாலும் பித்தானாலும் அடையாளம் சொன்னாள். ஒரு கலரின் பெயர் அவள் வாயிலிருந்து விழவில்லை. எப்போதோ அவளுக்கு இருமல் வந்து டாக்டரிடம் போனபோது, சளி என்ன கலரில் வருகிறது என்று டாக்டர் கேட்க, "அவரைக் கேளுங்க" என்று இவரைக் காட்டியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு, டாக்டருக்கு விளக்கமாகப் பதிலும் சொன்னார்.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கல்யாணமான புதிது. அவருக்காக அவள் தன் கையால் ஒரு சட்டையைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்து, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது அவர் முன்னால் பிரித்துக் காட்டினாள். "நீலச் சட்டை" என்றாள். "இதுவா நீலம்? இதைப் போய் நீலம்னு சொன்னா, பட்டறையில வாசலோட திருப்பி அனுப்பிடுவான்" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சட்டையை அவர் ஆசையாகத்தான் போட்டார், கிழிகிற வரை போட்டார். ஆனால் அதற்குப் பிறகும் விட்டாரா? பச்சை என்றால் எந்தப் பச்சை என்பார். சிவப்பு என்றால் அது சிவப்பில்லை என்பார். பட்டறையில் பையன்களிடம் சொல்லிப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லியிருக்கிறது. பையன்கள் மறுபடி கலந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். இவள் வரவில்லை. அவ்வளவுதான்.

நினைக்க நினைக்க அவருக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷமாகவா ஒரு மனுஷி வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாள்? அப்புறம், சொல்லியிருந்தால் மட்டும் நீ என்ன கிழித்திருப்பாய் என்று தன்மேலேயே கோபம் திரும்பியது. அதையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மாடிக்கும் கீழுக்கும் நடந்தார்.

அன்று சாயங்காலம் படம் வரையும் பின்னறையில் தட்டு நிறையப் பச்சைகளைக் கலந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உட்காரு."

"அடுப்புல வேலையிருக்குங்க."

"அணைச்சுட்டு வா."

வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் காட்டிய நாற்காலியில், ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தாள். மாஸ்டர் விளக்கைப் போட்டார். தூரிகையில் ஒரு பச்சையை எடுத்து, ஜன்னல் கண்ணாடியிலேயே, மலை தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"ஐயோ, நேத்துதான் துடைச்சேன்!"

"நான் துடைச்சுத் தரேன். இப்ப பாரு. இதையும் மலையையும் ஒட்டிவெச்சுப் பாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

அவள் காய்ந்த கையை மறுபடி முந்தானையில் துடைத்தாள்.

"கலர் பேர் கேக்கல. ஒண்ணா, இல்லையா? அது போதும்."

அவள் பார்த்தாள். முதலில் ஒப்புக்குப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

மாஸ்டர் அந்தச் சொல்லைத் தன் காதால் வாங்கிக்கொண்டார். தட்டில் வெள்ளை சேர்த்துக் கலந்து, பக்கத்தில் இன்னொரு பொட்டு வைத்தார்.

"இல்ல."

மஞ்சளைக் குறைத்து இன்னொன்று வைத்தார்.

"இல்ல. கிட்ட இருக்கு."

"கிட்ட வந்துடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அதில்லங்க. கிட்டத்துல இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள இருக்கு இது. மலை அங்கல்ல இருக்கு."

இன்னொன்று. இன்னொன்று. டீச்சர் சொன்ன நீலத்தை வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் சேர்த்துக்கூட ஒன்று வைத்தார். "இன்னும் கிட்டத்துலதான் இருக்கு" என்றாள். அவளுக்குச் சலிக்கவே இல்லை. அவருக்குக் கழுத்து வலித்தது, கண்ணாடி முழுக்கப் பொட்டாகிவிட்டது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, உடனே அந்த நினைப்பை உதறினார். அதைக்கூட இப்போதுதானா நினைக்க வேண்டும்?

"அப்ப என்னதான் கலர் அது?" என்று தட்டை மேஜையில் டொக்கென்று வைத்தார். "இல்ல இல்லன்னா? ஒரு சாம்பிளாவது காட்டினாத்தானே நான் கலக்க முடியும்!"

அவள் எழுந்து போய்விட்டாள்.

போயே போய்விட்டாள் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். மறுபடியும் கெடுத்துவிட்டோம், இனி இந்த ஜென்மத்தில் அவள் இந்த நாற்காலியில் உட்காரப்போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. சமையலறையில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது கையில் அடுப்பு மேடை துடைக்கும் துணி இருந்தது. அலசிப் பிழிந்து கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியைத் துடைக்கத்தான் வருகிறாள் என்று அவர் விலகி வழிவிட்டார். அவள் துடைக்கவில்லை. துணியை விரித்து, மலையின் ஓரத்தோடு ஓரம் ஒட்டிவருமாறு கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

"இது" என்றாள்.

மாஸ்டர் கிட்டே வந்து பார்த்தார். காலர் இல்லை, கை இல்லை. பாக்கெட் இருந்த இடத்தில் பட்டறையின் பெயர் நூலாக மட்டும் மிச்சமிருந்தது.

"என் யூனிஃபார்ம் சட்டைல்ல இது?"

"சட்டையா இருந்துச்சு."

"கரு நீலமா இருந்ததே! நானே நின்னு போட்ட சாயம். வெளுக்கவே வெளுக்காதுன்னு எழுதிக் கொடுத்த துணி. இப்ப மொத்தமா சாயம் போயிருக்கே!"

"அதாங்க" என்றாள். ஜன்னலைப் பார்த்தபடி துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "மலை அந்தக் கலர்தான். சாயம் போன நீலம்."

சொல்லிவிட்டுத் திரும்பி, அவர் வாயைப் பார்த்தாள்.

அந்த "இல்ல" அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏனென்றால் அது நீலம் இல்லை. வெளுத்த சாம்பலில் நீலம் லேசாகத் தட்டியது, அதற்குள் மயிரிழை அளவுக்குச் சிவப்பும் இருந்தது. போதாததற்கு அடிப்பக்கம் ஒரு டீக் கறை. துணி ஈரமாக வேறு இருந்தது, காய்ந்தால் இன்னும் ஒரு படி வெளுக்கும். இத்தனையும் அவர் கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. பட்டறையில் சாயம் போவதை எதிர்த்தே ஆயுசைக் கழித்தவர் அவர். சாயம் போனது ஒரு கலரே இல்லை, அது ஒரு குற்றம். அவள் இன்னும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

தட்டை எடுத்தார். பச்சைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, வெள்ளையைப் பிதுக்கினார். அதில் நீலத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். துணியைப் பார்த்தார். அதை ஒட்டிக்கொண்டிருந்த மலையைப் பார்த்தார். துணி முடிந்து மலை தொடங்கும் இடத்தை மங்கும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துக்கொண்டிருந்தது.

"கை வலிக்குதுங்க."

"இறக்கிடாத" என்றார் அவர். "ஒரு நிமிஷம். இறக்கிடாத."

அவள் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். துணியிலிருந்து தண்ணீர் கசிந்து, கண்ணாடியில் அவர் வைத்த பச்சைகளின் வழியாக இறங்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் போய்த் தேங்கியது.